சுவடின்றித் திறக்க

பெர்த்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

குமுதா எழுதுகிறேன். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாரா, இல்லை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியதே போதும் என்கிறாரா? இங்கே வெயில் கொளுத்துகிறது. லோஷினி நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவர் நலம்.

உன் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதாமல் 'துழாவி'யின் முகவரிக்கு எழுதுகிறேனே என்று பார்ப்பாய். கேட்கப்போவது நீ எழுதிய அந்தத் தேடல் நிரலைப் பற்றித்தான். ஹாலில் இருக்கும் கணினியில் கோப்பு தேட அதைத்தான் பயன்படுத்துகிறேன். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், பெயர் மறந்த கோப்பைக்கூட உள்ளே இருக்கும் ஒரு சொல்லை வைத்து எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஒரே ஒரு குறை. ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிப்பதால், அது கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் மாறிவிடுகிறது. அந்த நேரம் மாறாமல் தேட ஒரு ஆப்ஷன் சேர்க்க முடியுமா? பழைய படங்களை ஒழுங்குபடுத்துகிறேன், அதற்காக.

அவசரமில்லை. ஆனால் முடிந்தால் சீக்கிரம்.

இதை வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். இந்த முகவரிக்கே எழுது. இது நான் வேலை செய்யும் நூலகத்தில் மட்டும் பார்க்கும் முகவரி. அம்மாவை மருந்து மறக்காமல் சாப்பிடச் சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
குமுதா


டத்தோ கிராமாட், பினாங்கு
பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீயும் லோஷினியும் மாப்பிள்ளையும் நலந்தானே? அம்மா மலை ஏறியது உண்மை. இறங்கிய பிறகு ஒரு வாரம் என்னைத் தைலம் தேய்க்க வைத்ததும் உண்மை.

நீ கேட்டது செய்யக்கூடியதுதான். கோப்பைத் திறக்கும்போதே 'நேரத்தைக் குறித்துக்கொள்ளாதே' என்று கணினியிடம் சொல்ல ஒரு வழி இருக்கிறது. நான் இதுவரை அதைத் தொட்டதில்லை, அவ்வளவுதான். 'சுவடின்றி' என்று ஆப்ஷனுக்குப் பெயர் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

என்னோடு சேர்ந்து துழாவியைக் கவனித்துக்கொள்ளும் ஹாஃபிஸிடம் சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறான், பாலிக் புலாவ்காரன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். வாய் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

"யாருக்குக்கா இது? திருடனுக்கு ஆப்ஷன் போட்டுக் கொடுக்கிறோமா லா?" என்றான்.

"என் தங்கச்சிக்குடா."

"அப்ப சரி. தங்கச்சி வீட்டுல யாரு திருடன்னு கேட்டு வைங்க."

சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம்.

ஜூனில் அம்மாவுக்கு எழுபது நிறைகிறது. நீ லோஷினியைக் கூட்டிக்கொண்டு வருவாயா என்று தினமும் கேட்கிறார். இப்போதே டிக்கெட் பார்த்தால் விலை குறைவாக இருக்கும். ஒரு வார்த்தை எழுது.

எல்லாருக்கும் என் அன்பு,
புஷ்பவள்ளி


பெர்த்
பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் அன்றே கிடைத்தது. பதில் எழுதத்தான் நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ தலைவலிக்குக் கண்ணாடி மாற்றினாயா?

'சுவடின்றி' நல்ல பெயர். ஒரு சின்ன வேண்டுகோள். புதுப் பதிப்பு வரும்போது, யார் எதைக் கேட்டார்கள் என்று பெயர் போட்டு நன்றி சொல்வது உன் வழக்கம். இந்த முறை என் பெயர் வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. போன வாரம் சாப்பிடும்போது அவர், "இன்னிக்குக் காலையில 'குடும்பம்' ஃபோல்டர்ல கரண்ட் பில்ல யாரோ திறந்திருக்காங்களே. வீட்டுல பேய் இருக்கா லா?" என்றார்.

"பேய்க்கு எதுக்குப்பா கரண்ட் பில்லு?" என்று லோஷினி கேட்டாள்.

எல்லோரும் சிரித்தோம். அவர்தான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினார். நெட்வொர்க் வேலை பார்க்கிறவர் இல்லையா, எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. என் கைப்பேசியைக்கூட அவரே சுத்தம் செய்து தருகிறார், தேவையில்லாதவற்றை எல்லாம் எடுத்துவிட்டு.

ஆப்ஷன் எப்போது தயாராகும்?

அம்மாவுக்கு என் முத்தங்கள்,
குமுதா


டத்தோ கிராமாட்
மார்ச் 13

அன்புள்ள குமுதா,

இங்கே அனைவரும் நலம். கண்ணாடி மாற்றிவிட்டேன். அம்மா அதைப் பார்த்து, "பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கே" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. உன் உடம்பைப் பற்றி நீ எழுதியது ஒரே வரி. அடுத்த முறை இரண்டு வரியாவது எழுது.

'சுவடின்றி' தயார். சோதனைப் பதிப்பை இத்துடன் அனுப்புகிறேன். உன் சொந்தக் கணக்கிலேயே வைத்து ஓட்டலாம், கணினியில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். தேடும் சொல்லுக்கு முன்னால் அந்த ஆப்ஷனைச் சேர்த்துக்கொள், அவ்வளவுதான். என் கணினியில் முழுவதும் தேடிப் பார்த்தேன். ஒரு கோப்பின் நேரம்கூட அசையவில்லை.

ஒன்றை மட்டும் எனக்குப் பிடித்த மாதிரி செய்திருக்கிறேன். சில கோப்புகளை இப்படித் திறக்கக் கணினி அனுமதிக்காது. மற்ற கருவிகள் அப்போது சிவப்பு எழுத்தில் ஒரு மறுப்பைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எனக்கு அந்தச் சிவப்பு எழுத்தே ஆகாது என்று உனக்குத் தெரியும். துழாவி அப்படி நிற்காது. அனுமதி கிடைக்கவில்லை என்றால் உன்னைத் தொந்தரவு செய்யாமல் வழக்கம்போலத் திறந்து தேடிக்கொண்டே போகும். பாதியில் விட்டுத் திகைக்க வைக்காது.

ஜூன் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அம்மாவிடம் 'யோசிக்கிறாளாம்' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பெர்த்
மார்ச் 14

அக்கா,

நீயும் அம்மாவும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்! கிடைத்தது. நூலகத்தில் உட்கார்ந்தபடியே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவர் வேலைத்தளத்துக்குப் போகிறார். லோஷினிக்கு நீச்சல் வகுப்பு. வீட்டில் நான் மட்டும்தான். பிறகு விவரமாக எழுதுகிறேன். ஜூனைப் பற்றியும்.

மிகுந்த மகிழ்ச்சியுடன்,
குமுதா


டத்தோ கிராமாட்
மார்ச் 15, வெள்ளி மாலை

குமுதா,

நலமாக இருப்பாய் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாளை அதை ஓட்டாதே.

இன்று ஹாஃபிஸ் என் நிரலைப் படித்துப் பார்த்தான். நோன்பு வைத்திருப்பதால் இந்த வாரம் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கிறான். திடீரென்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அக்கா, தங்கச்சி தேடப்போற ஃபோல்டர் யாரு கணக்குல இருக்கு?" என்றான்.

"குடும்பத்தோடது. பேரே 'குடும்பம்'தான்."

"பேரை விடுங்கக்கா. கம்ப்யூட்டர்ல யாரு ஓனர்?"

அதை நான் உன்னிடம் கேட்டதே இல்லை. சுவடின்றித் திறக்கும் உரிமை கோப்பின் சொந்தக்காரருக்கு மட்டும்தான். படிக்க உனக்கு அனுமதி இருக்கலாம், ஆனால் சுவடின்றிப் படிக்க இருக்காது. என் கணினியில் எல்லாம் என்னுடையது, அதனால்தான் சோதனையில் எதுவும் தெரியவில்லை. அந்த ஃபோல்டர் மாப்பிள்ளையின் கணக்கில் இருந்தால், துழாவி ஒவ்வொரு கோப்பாக வழக்கம்போலத் திறந்துகொண்டே போகும். உன்னிடம் ஒன்றும் சொல்லாது. அப்படி எழுதியது நான்தான்.

"சொல்லாம செஞ்சிடும்ங்கறதுதான்க்கா டேஞ்சர். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா பரவாயில்ல" என்றான் ஹாஃபிஸ். அவன் அப்போது சிரிக்கவில்லை.

இதைப் பார்த்ததும் ஒரே ஒரு வரி எழுது. நூலகத்தில்தான் இந்த முகவரியைப் பார்ப்பாய் என்பது நினைவிருக்கிறது. நீ இன்று சீக்கிரம் கிளம்பியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கைப்பேசியில் அழைக்கத் துணிச்சல் வரவில்லை. அதை யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை.

அக்கா


டத்தோ கிராமாட்
மார்ச் 21

அன்புள்ள குமுதா,

நீ எப்படி இருக்கிறாய்? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நூலகத்துக்கு அழைத்தேன். நீ விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். எதுவரை என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாதான் உன் எண்ணுக்கு அழைத்தார். மாப்பிள்ளை எடுத்தாராம்.

"என்னம்மா சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசினாரு. குமுதா அசதியா படுத்திருக்காளாம். நான் நல்லா பார்த்துக்கிறேன் அத்தை, நீங்க கவலைப்படாதீங்கன்னாரு."

"அவகிட்டக் குடுக்கச் சொல்லலியா?"

"தூங்கறவளை எழுப்பச் சொல்றதாடி?"

பிறகு பசாருக்குப் போன அம்மா மீன் வாங்காமல் திரும்பி வந்துவிட்டார். வாங்கப் போனதே மறந்துவிட்டது என்றார்.

இந்தக் கடிதத்தை நீ படிப்பாயா என்று தெரியாமலே அனுப்புகிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா


பெர்த்
மார்ச் 24

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

திருநாவுக்கரசு எழுதுவது. இங்கு குமுதாவும் குழந்தையும் நானும் சுகம். தங்களுக்கும் அத்தைக்கும் நல்ல ஆரோக்கியம் கிடைக்க வேண்டுகிறேன்.

துழாவியின் புதிய சோதனைப் பதிப்பைக் குமுதாவின் கணக்கில் பார்த்தேன். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒரு பயனராகவே எழுதுகிறேன். 'சுவடின்றி' என்ற ஆப்ஷன் பிறருக்குச் சொந்தமான கோப்புகளில் வேலை செய்யவில்லை. மார்ச் 16, சனிக்கிழமை காலை, என் கணக்கில் உள்ள 'குடும்பம்' ஃபோல்டரின் எல்லாக் கோப்புகளும் வரிசையாகத் திறக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுகூட விடுபடவில்லை. வேலை செய்யாததை வேலை செய்வதாகக் காட்டுவது தங்கள் தரத்துக்கு ஏற்றதல்ல. மேலும், ஒரு குடும்பத்துக்குள் இப்படி ஒரு ஆப்ஷன் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தாங்களே அதை நீக்கிவிடுவது நல்லது.

குமுதா கொஞ்சம் களைப்பாக இருக்கிறாள். வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறேன். இனி அந்தக் கணினியில் அவளுக்கு எந்தச் சிரமமும் இருக்காது. வேண்டியதை நானே எடுத்துத் தருவேன். நேரம் கிடைக்கும்போது தங்களுக்கு எழுதுவாள்.

பணிவன்புடன்,
திருநாவுக்கரசு


டத்தோ கிராமாட்
மார்ச் 25

அன்புள்ள அரசு தம்பிக்கு,

உங்கள் நலனுக்கு இறைவன் துணையிருக்கட்டும். இங்கே யாவரும் சுகம்.

நீங்கள் கண்டது உண்மையான பிழை. பொறுப்பு முழுவதும் என்னுடையது. அந்த ஆப்ஷன் என் யோசனை. நிறையக் கோப்புகள் உள்ள ஃபோல்டரில் சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. குமுதாவை நான்தான் வற்புறுத்தினேன். கண்ணில் பட்ட பெரிய ஃபோல்டரில் ஓட்டிப் பார் என்றேன். எதற்கு என்றுகூட அவள் கேட்கவில்லை. உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை அவசரத்தில் மறந்துவிட்டேன்.

இன்று திருத்திவிட்டேன். அனுமதி இல்லாத கோப்பு ஒன்று வந்தாலும் 'முடியாது' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், எதையும் திறக்காது. நீங்கள் எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமை குமுதாவின் குரலைக் கேட்க அம்மா ஆசைப்படுகிறார். ஐந்து நிமிடம் போதும்.

லோஷினிக்குப் பெரியம்மாவின் அன்பு,
புஷ்பவள்ளி


பெர்த்
ஏப்ரல் 17

அக்கா,

நானும் லோஷினியும் நன்றாக இருக்கிறோம். நீ கேட்டாயே, வழக்கத்துக்காக இல்லாமல், அதற்கான பதில் இது. அவர் அடித்ததில்லை. அப்படி ஒன்றும் நினைக்காதே.

லோஷினியின் பள்ளியில் ஆலோசகர் அறையிலிருந்து எழுதுகிறேன். விடுமுறை முடிந்து இந்த வாரம்தான் பள்ளி திறந்தது. நீ எனக்கு எழுதிய கடைசி இரண்டு கடிதங்களை இப்போதுதான் படித்தேன். நீ எழுதிய வெள்ளிக்கிழமை நான் மதியமே கிளம்பிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை அவர் கத்தவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "உனக்கு என்ன வேணும்னு என்கிட்டக் கேளு லா. நான் எடுத்துத் தர மாட்டேனா?" என்றார்.

"எங்க பாஸ்போர்ட்" என்றேன்.

"எங்கே போகப்போறே?"

"அம்மாவைப் பார்க்க."

"போகலாம். நான் சொல்லும்போது போகலாம்" என்று சொல்லிவிட்டு, டீ ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார். குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் இரண்டு பாஸ்போர்ட்டையும் பத்திரமாக இருக்கட்டும் என்று தன் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். என் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், லோஷினியுடையது எல்லாம் அங்கேதான். கான்சுலேட்டில் விசாரித்தேன். நகல்கள் இருந்தால் மாற்றுப் பயணப் பத்திரத்துக்கு வழி செய்யலாம் என்றார்கள். அவர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வேறு பெயர்களில் அந்த ஃபோல்டரில் வைத்திருப்பார் என்று நினைத்தேன். அதைத்தான் தேடினேன். கிடைக்கவில்லை.

நீ அவருக்கு எழுதிய கடிதத்தை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நடுவில் நிறுத்தி நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பாதி நம்பினார் என்று நினைக்கிறேன். அந்தப் பாதியால்தான் லோஷினியைப் பள்ளிக்குக் கூட்டிவர இன்னும் என்னை விடுகிறார். ஆலோசகர் ஒரு வழக்கறிஞரிடம் பேச வைத்தார். தங்க ஓர் இடமும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை முதல். நகல்கள்தான் இல்லை. அவை இல்லாமல் வெளியேறினால் நாங்கள் யார் என்று காட்டக்கூட ஒரு தாள் இருக்காது.

நாளையும் இதே நேரம் இங்கே இருப்பேன்.

குமுதா


டத்தோ கிராமாட்
ஏப்ரல் 17

என் குமுதா,

நகல்கள் இத்துடன் இருக்கின்றன. உன் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம். லோஷினியின் பிறப்புப் பத்திரமும் இருக்கிறது. பிரசவத்துக்கு நீ இங்கே வந்திருந்தபோது அதை வாங்கப் போனது நான். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்தேன். உன்னுடையவை, அப்பா இறந்தபின் வீட்டை அம்மா பெயருக்கு மாற்றியபோது நீ அனுப்பியவை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் கணினியில் உன் பெயரைத் தட்டினேன். எந்த ஆப்ஷனும் இல்லாமல் உடனே வந்துவிட்டன.

நீ பிப்ரவரியில் எழுதியபோதே அவை என் கணினியில்தான் இருந்தன. நீ எப்படித் தேட வேண்டும் என்று மட்டும் கேட்டாய். நானும் அதை மட்டுமே யோசித்தேன். எதைத் தேடுகிறாய் என்று ஒரு வரி கேட்டிருந்தால், நீ அந்த டீயைக் குடித்திருக்க வேண்டாம்.

நாளை இரவு கோலாலம்பூர் வழியாக வருகிறேன். சென்ற வருடம் எடுத்த விசா இன்னும் செல்லும். வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்பேன். உன்னைக் காணவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு வந்து மணியை அழுத்தி, என் தங்கை எங்கே என்று அவரிடமே கேட்பேன்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். என் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பிறகு, "அவரு போன் பண்ணா நீ குளிக்கிறதாச் சொல்லிடறேன்" என்றார்.

"மூணு நாளாவாம்மா குளிப்பேன்?"

"நீ குளிக்கிற லட்சணம் அவருக்கு என்னடி தெரியும்? போ, போய் அவளைக் கூட்டிட்டு வா."

உடம்பைப் பார்த்துக்கொள். பயந்தால் பயந்துகொண்டே செய்.

அக்கா


பெர்த்
ஏப்ரல் 18

அக்கா,

கிடைத்தன. ஆலோசகர் அச்சடித்துத் தன் மேசையில் பூட்டி வைத்திருக்கிறார். லோஷினி பிறந்த தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் அழுதேன்.

வாசலில் நிற்காதே. சில நாள்களில் அவர் காரை அங்கே நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். பள்ளியின் பின்பக்கம் நூலகக் கதவு இருக்கிறது. அங்கே வா. கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். லோஷினியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. உன்னைப் பார்த்ததும் கத்துவாள், கத்தட்டும்.

பெட்டி எதுவும் கொண்டுவரப்போவதில்லை. அலமாரியில் ஒரு துணி குறைந்தாலும் அவருக்குத் தெரியும். நாளை காலையில் எப்போதும்போலச் சமைத்து, அவர் டிபன் டப்பாவை மேசையில் எடுத்து வைத்துவிட்டு, லோஷினியின் புத்தகப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வருவேன். அவர் வந்து எல்லா அறையையும் திறந்து பார்ப்பார். நாங்கள் இருவரைத் தவிர எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும்.

குமுதா